நாற்பது மூட்டை உப்பும் ஒரு சின்ன அயனியும்

செல்வம்,

ஞாயிற்றுக்கிழமை நீ குஜராத்துக்கு ரயில் ஏறுவதற்குள் இதை எழுதி உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதெல்லாம் சுலபமாக வரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை நீ திருப்பூணித்துறைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குளிக்கப் போயிருந்தாய். நாற்காலியில் உன் பை இருந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. நான் பையைத் திறந்தேன். மடித்த துண்டுக்குள் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி. மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். ஸ்பிரிட். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன், கல்யாணம் ஆகாதவன், வீட்டுக்குக் குப்பியோடு வருகிறான் என்று நினைத்தேன். சரியாகத் தெரிந்துகொள்ளலாமே என்று விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தேன். நாக்கு எரிந்து நான் முகத்தைச் சுளித்த அந்த நேரத்தில்தான் உன் அம்மா உள்ளே வந்தாள்.

"பையன் குடிக்கானான்னு பாத்தேன்" என்றேன்.

"பாத்தாச்சுல்லா. குடிக்கது அப்பன்தான்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டுச் சேச்சிக்கு விஷயம் போய்விட்டது. இன்றுவரை அந்தச் சேச்சி என்னைக் கண்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் வணக்கம் சொல்கிறாள். நீ குளித்துவிட்டு வந்து, "அது லேப்ல இருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் அப்பா. வாயில வைக்கிற சாமான் இல்ல. விஷம்" என்று மட்டும் சொன்னாய். எதற்குக் கொண்டுவந்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மறுநாள் காலை சொன்னாய். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

நீ மலையாளத்தை ஓடுகிற வேகத்தில் படிப்பாய், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். வேகமாகப் படித்தால் உன் அப்பனுடைய தப்புகள் எல்லாம் எர்ணாகுளம் எல்லையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். மெதுவாகப் படித்தால் நடுநடுவே கொஞ்சம் பாவம் என்றாவது தோன்றும். தூத்துக்குடியில் பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டு கொச்சி மட்டாஞ்சேரிக்கு உப்பு விற்க வந்தவன் எழுதுகிற தமிழ் இது. பிழை இருந்தால் உனக்குத் தெரியப்போவதில்லை, அதுவும் ஒரு வசதி.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் அதைக் கிடங்குக்குத் தூக்கிப் போய்த் தராசில் ஏற்றிப் பார்க்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். தராசின் மேலும் சந்தேகம் வந்து, நான் ஏறி நின்று பார்த்து, என் எடையின் மேலும் சந்தேகப்பட்டிருக்கிறேன். நீ பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கி வந்தாயே, அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நம் வம்சத்தில் யாரும் கணக்குத் தவிர வேறு எதிலும் தேறியதில்லை. உன்னிடம் சொல்லாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், "இது இங்கே கொடுத்ததுதானா" என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்பாவுக்கே நம்பிக்கை இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே நீ நின்றிருந்தாய். உன் காது சிவந்திருந்தது. வழியில் ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். அந்த வடையை மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொண்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்புச் செய்தால் வாயைத் திறக்காமல் எதையாவது கையில் கொடுத்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் நீ அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் நான் வழக்கமான உப்பளக்காரரை விட்டேன். அவர் நிறுவையில் ஏதோ செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆதாரம் கிடையாது. போனில் பேசும்போது அவர் இரண்டு தடவை இருமினார், அவ்வளவுதான். புது ஆள் ஒருவரைப் பிடித்து நாற்பது மூட்டை கல்லுப்பு வரவழைத்தேன். ஒவ்வொரு மூட்டையையும் இறக்கும்போதே தராசில் வைத்து, எடையைச் சாக்பீஸால் சாக்கின்மேல் எழுதுவது நம் கிடங்கு வழக்கம் என்று உனக்குத் தெரியும். எல்லாம் ஐம்பது ஐம்பது கிலோ. காதர் தூக்கி வைத்தான், நான் எழுதினேன். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். கிடங்குச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. நம் வீட்டுச் சாவியைக்கூட நான் உன் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டு வாங்கி வைப்பேன், ஆனால் கிடங்குச் சாவி காதரிடம் இருந்தால் தூங்குவேன். என் வாழ்நாளில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன். அதனாலேயே, சந்தேகம் வந்தபோது பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து வந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் ஊறுகாய்க் கம்பெனி ஜோஸ் சேட்டன் பத்து மூட்டை எடுக்க வந்தார். முதல் மூட்டை நாற்பத்தெட்டரை காட்டியது. இரண்டாவது நாற்பத்தெட்டு. பத்தையும் வைத்தோம், ஒன்றுகூட ஐம்பது இல்லை. "எந்தா அண்ணாச்சி, உப்புக்குக் கால் முளைச்சுப் போயோ" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சுமை தூக்குகிற ஆட்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. மீதி முப்பதையும் தராசில் வைக்கச் சொன்னேன். எல்லாம் குறைவு. காதர் சாக்கின் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்திருக்கிறானா என்று, உன் அம்மா ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, மூட்டை மூட்டையாகக் குனிந்து பார்த்தேன். தையல் ஒன்றும் பிரியவில்லை. அத்தனை சுத்தமாகத் தைத்திருக்கிறான் என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதினேன். தரை ஈரமாக இருந்தது. மட்டாஞ்சேரியில் மழைக்காலத்தில் எந்தத் தரை ஈரமாக இல்லை? கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

"காதர், சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால்.

"என்கிட்டதான் அண்ணாச்சி. தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்கேன்."

அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தராசுத் தட்டின்மேல் வைத்தான். "இதையும் நிறுத்துப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தான். குடைகூட எடுக்கவில்லை. நான் கூப்பிடவில்லை. ஜோஸ் சேட்டன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளே பஜார் முழுக்க, அண்ணாச்சி கடையில் காதர் கை வைத்துவிட்டானாம் என்று பேச்சு. நான் அந்தப் பேச்சைத் தொடங்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

நீ அந்த வார இறுதியில் வந்து கேட்டாய். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "காதர் மாமாவா?" என்றாய். அப்புறம் கிடங்குக்குப் போய்த் தரையில் விரல் வைத்துப் பார்த்தாய், சாக்கின் அடியைத் தொட்டுப் பார்த்தாய். அடுத்த சனிக்கிழமை அந்தக் குப்பியோடு வந்தாய். மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை நீ செய்ததை என் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன். புது உப்பில் ஒரு பிடி, போன வருஷத்துப் பழைய உப்பில் ஒரு பிடி. இரண்டையும் செய்தித்தாளில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்தாய். தனித்தனி குப்பியில் போட்டு ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினாய். தெளிந்ததும் மேலே நின்றதை மட்டும் வடிகட்டி இரண்டு சாசரில் ஊற்றினாய். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இறக்கி வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் சாசர்களை வைத்தாய். "இந்தச் சாசர்ல இனி யாரும் சாயா குடிக்கக் கூடாது" என்றாய். "கல்யாணத்துக்கு எங்க அக்கா குடுத்த செட்டு அது" என்றாள் உன் அம்மா. ஸ்பிரிட் பறந்து போனது. பழைய உப்பின் சாசரில் ஏதோ பனி படிந்தாற்போல லேசாக ஒரு வெள்ளை. புது உப்பின் சாசரில் தடிமனாக ஒரு வெள்ளைப் பொருக்கு. எனக்கு உடனே சந்தேகம், சாசரை நீ மாற்றி வைத்துவிட்டாய் என்று. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். மூன்றாவது தடவை மூட்டையை நானே தேர்ந்தெடுத்து, நானே குலுக்கினேன். அதேதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் அந்தப் பொருக்கு காற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் குடித்து, சாசரில் குளம் கட்டி நின்றது. பழையது அப்படியே காய்ந்து கிடந்தது.

"அப்பா, கடல் தண்ணியில நம்ம உப்பு மட்டும் இல்ல. மக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பு படிஞ்சதுக்கப்புறம் மிச்சத் தண்ணியில அது நிக்கும். அவசரமா வாரிக் கட்டினா அதுவும் கூட வரும். அது ஈரத்தை இழுத்துத் தண்ணியாகி, உப்பையும் கொஞ்சம் கரைச்சுக்கிட்டு, சாக்கு வழியா ஒழுகிப் போகும். உங்க ஒண்ணரைக் கிலோ ஓடை வழியா காயலுக்குப் போச்சு."

அதே குளோரின்தானே இரண்டிலும், ஒன்று மட்டும் ஏன் ஸ்பிரிட்டில் கரைகிறது என்று நான் கேட்டேன். நான் கேட்ட கேள்விகளில் நீ சந்தோஷப்பட்ட ஒரே கேள்வி அதுதான் போலிருக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டம் போட்டாய். சோடியம் அயனிக்கும் மக்னீசியம் அயனிக்கும் வெளியே சுற்றுகிற எலக்ட்ரான் ஒரே பத்துதான். ஆனால் மக்னீசியத்தின் நடுவில் இழுக்கிறது ஒன்று கூடுதல். அதனால் அது இன்னும் சுருங்கி நிற்கும், அளவில் சின்னது, மின்சுமையோ இரண்டு மடங்கு. குளோரைடு அயனி பெரிசு, அதன் எலக்ட்ரான்கள் கொஞ்சம் தளர்வாக இருக்கும். சோடியம் பக்கத்தில் நின்றால் குளோரைடு பெரும்பாலும் உருண்டையாகவே இருக்கும். கொடுத்தவன் கொடுத்தான், வாங்கியவன் வாங்கினான், இரண்டு பேரும் தனித்தனி. அது அயனிப் பிணைப்பு. மக்னீசியம் நின்றால் அந்த எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருவத்தையே கோணலாக்கிவிடும். இழுத்த இடத்தில் அது குளோரைடுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் பொதுவாகிவிடும். அந்தப் பொதுதான் சகப்பிணைப்பின் சாயல்.

"கொசுவலை மாதிரியா?" என்றேன். தளர்வாகக் கட்டிய பெரிய வலையை ஓரத்தில் படுத்திருப்பவன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை இந்த ஊர்க்காரர் யாருக்கும் விளக்க வேண்டாம். நீ யோசித்துவிட்டு, "கொசுவலை சரிதான்" என்றாய். "அயோடைடுன்னா இன்னும் பெரிய வலை, இன்னும் தளர்வு, இன்னும் இழுபடும். ஃப்ளோரைடு சின்ன வலை, விறைப்பாக் கட்டினது, அசையாது. அலுமினியம் மக்னீசியத்தை விடவும் சின்னது, சுமை மூணு, அது இன்னும் பலமா இழுக்கும்." பிறகு, ஸ்பிரிட்டில் கரைவதற்கு இது ஒரு காரணம்தான், ஒரே காரணம் என்று யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தாய். பாதி உண்மையைப் பாதி என்று சொல்லி விற்கிற வியாபாரியை நான் பஜாரில் பார்த்ததில்லை. அப்போது உன்மேல் வந்த மரியாதையை இங்கே எழுதி வைக்கிறேன், நேரில் சொன்னால் நீ சந்தேகப்படுவாய்.

நான் விடவில்லை. "அப்ப நம்ம உப்பு அயனி, மத்தது சகப்பிணைப்பு, அதானே?" என்றேன்.

"இல்ல அப்பா. ரெண்டு பெட்டி கிடையாது. மக்னீசியம் குளோரைடும் பெரும்பாலும் அயோனிக்தான். கொஞ்சம் கோவாலண்ட் கலர் உண்டு. எல்லாத்துலயும் ரெண்டும் இருக்கும், எது எவ்வளவுன்னுதான் கேக்கணும்."

மனுஷர்களையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும், "மனுஷங்களை இதுல இழுக்காதீங்க, பிள்ளைங்க பரீட்சையில அப்படியே எழுதி வச்சிருதுங்க" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டாய். சரி, இழுக்கவில்லை. ஆனால் கள்ளனா யோக்கியனா என்று இரண்டே பெட்டி வைத்து ஓர் ஆளைத் தராசில் ஏற்றியவன் நான் என்பது அந்தக் காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஓடியது. நீயும் அதைப் பார்த்திருப்பாய். "பள்ளுருத்திக்கு ஆட்டோ பிடிக்கட்டுமா, காதர் மாமா வீட்டுக்கு?" என்று கேட்டாயே.

இரண்டு உப்பிலும் ஒவ்வொரு பிடி பொட்டலம் கட்டிக்கொண்டு தனியாகத்தான் போனேன். காதர் வீட்டில்தான் இருந்தான். எர்ணாகுளம் பிராட்வேயில் அவன் மச்சானுடைய குடைக்கடையில் நிற்கிறானாம், அன்று விடுமுறை. "வாங்க" என்றான். வாங்க அண்ணாச்சி என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தை இல்லாமல் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் மனைவி ஜமீலா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சாயாவில் ஏதாவது போட்டிருப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைத் திருத்த முடியாது, செல்வம். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போடவில்லை, அவ்வளவுதான்.

"எடை குறைஞ்சது உன்னால இல்ல காதர்" என்றேன். "மக்னீசியம்."

"அது யாரு?"

பொட்டலம் இரண்டையும் பிரித்து வைத்தேன். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். சோடியம் பெரிசு, மக்னீசியம் சின்னது, சுமை இரண்டு, கொசுவலை, இழுபடுவது, ஸ்பிரிட், சாசர், ஈரம், ஓடை. அயனி, சகப்பிணைப்பு என்று வாய் நிறையச் சொன்னேன். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசியிருப்பேன். பத்தாம் வகுப்பில் அப்படிப் பேசியிருந்தால் நான் உப்பு விற்க வந்திருக்க மாட்டேன். காதர் பொட்டலத்தில் நனைந்து கிடந்ததைத் தொட்டுப் பார்த்தான், விரலைத் துடைத்துக்கொண்டான். ஜமீலா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மக்னீசியத்துக்கிட்டயும் சாவி கொடுத்து வச்சிருந்தீங்களோ?" என்றாள்.

காதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டுகிற சிரிப்பு. அவன் முதலில் நிறுத்தினான்.

"பஜார்ல சொல்லியாச்சா?" என்று கேட்டான்.

"நாளைக்குச் சொல்றேன்."

"அத்தனை பேர் நிக்கிறப்பதான் கேட்டீங்க. அத்தனை பேர் நிக்கிறப்பத்தான் சொல்லணும்."

சொன்னேன். மறுநாள் காலை ஜோஸ் சேட்டனைக் கூப்பிட்டு, அதே ஆறு ஆட்களையும் நிறுத்தி வைத்து, சாசரைக் காட்டி, காதர் ஒரு கல் உப்பைக்கூட எடுக்கவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். "அது நமக்கு அந்நே அறியாம் அண்ணாச்சி" என்றார் ஜோஸ் சேட்டன். அன்றே தெரியுமாம். தெரியாதவன் நான் ஒருவன்தானாம். இப்போது சுமை தூக்குகிறவர்கள் எதைக் காணவில்லை என்றாலும் மக்னீசியம் எடுத்துவிட்டது என்கிறார்கள். பீடிக்கட்டு காணாமல் போனாலும் மக்னீசியம்தான். காதர் பெயர் பஜாரில் சுத்தமாகிவிட்டது, அதில் சந்தேகமில்லை, எனக்கே இல்லை. ஆனால் அவன் வேலைக்குத் திரும்பவில்லை. மழை முடியட்டும், பார்க்கலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

நீ குஜராத்தில் ஓர் உப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் உட்காரப் போகிறாய். ஒவ்வொரு மூட்டையையும் சந்தேகப்படுவதற்கே உனக்குச் சம்பளம். சந்தேகப்படு, அதில் ஒன்றும் தப்பில்லை. நீ உப்பைச் சந்தேகப்பட்டாய், அதனால் ஓர் ஆளைக் காப்பாற்றினாய். நான் ஆளைச் சந்தேகப்பட்டேன், அதனால் உப்பைப் பார்க்காமல் விட்டேன். கூட வேலை செய்கிறவன் ஏதாவது சொன்னால், உன்னைவிடப் படிப்புக் குறைந்தவனாக இருந்தாலும், எழுதிக்கொண்டிருக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேள். அங்கே குளிர் காலத்தில் நல்ல குளிராம், போர்வையை விட்டுவிட்டுப் போகாதே. வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவுக்குப் பேசு. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன்.

பள்ளுருத்தியிலிருந்து திரும்பிய அன்று, "எல்லாம் சொல்லிட்டீங்களா அப்பா?" என்று வாசலிலேயே கேட்டாய். சொல்லிவிட்டேன் என்றேன். அது பொய். கிளம்பும்போது காதர் வாசல்வரை வந்தான். ஆட்டோ ஓடிக்கொண்டே நின்றது. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், ஜமீலாவுக்குக் கேட்டிருக்காது. நான் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டேன். அவன் எதற்காகக் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். லாரி வந்த அன்று, முதல் மூட்டையை இறக்கியதும், சாக்கின் இடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவன் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். "அண்ணாச்சி, இது கசக்குது. அவசரமா வாரின உப்பு, நிக்காது, ஒழுகிரும். திருப்பி அனுப்பிருங்க" என்றான். புது ஆளைப் பிடித்தது நான். அது தப்பு என்று ஆட்கள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. காதில் விழாதவன்போல நான் சாக்கில் ஐம்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது.